அடிவாசனை

அம்மா அந்த பாட்டிலை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

பீரோவின் கீழ்த்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், அதைப் படுக்கவைத்திருந்தேன். தக்கை போட்ட வைன் பாட்டிலைப் படுக்கத்தான் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற வைன் தக்கையைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அது காய்ந்து சுருங்காது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் ஒளித்துவைத்த பாட்டிலைத் தேடுவதில் அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அரிசி டிரம்முக்குள், பரணில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கின் தண்ணீருக்குள், ஒருமுறை என் ஸ்கூல் பைக்குள். பதினைந்து வருடம் அப்பா ஒளித்துவைத்தார், அம்மா எடுத்தாள்.

யாருடையது, எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை.

"ஏன்டா படுக்க வெச்சிருக்க?"

"தக்கை காஞ்சிடும்மா."

கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்கப்பா நிக்க வெச்சுத்தான் ஒளிப்பாரு. அதான் சீக்கிரம் மாட்டிப்பாரு" என்றாள். ஜோக்தான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவள் பாட்டிலை எடுத்த மாதிரியே திரும்பப் படுக்கவைத்துவிட்டு, போர்வையால் மூடிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் வீடு வானகரத்தில், அம்பத்தூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே நான்காவது தெரு. வாசனைகளால் ஆன ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் ரோட்டில் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். சாயங்காலம் காற்று திரும்பினால் கூவம். ராத்திரி முழுக்க பைபாஸில் லாரிகளின் டீசல். இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் மட்டும் மல்லியும் மிளகாயும் வறுபடுகிற வாசனை. அம்மா மசாலாப் பொடி அரைத்து விற்கிறாள். அப்பா போன பிறகு ஆரம்பித்தது.

பாட்டில் வந்தது பிரான்ஸிலிருந்து. கொண்டுவந்தது மச்சான். அத்தை மகன்.

*

அப்பாவின் அக்காவைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தி வீடு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அதன் பிறகு ஆறு மாதத்துக்குள், விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மாமாவின் அப்பா எழுதிக்கொடுத்தார். ஒரு கையெழுத்து. அதனால்தான் மச்சான் இன்று போர்தோ நகரத்தில் டிராம் ஓட்டுகிறார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் வெர்னியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சின்ன வயதில் கோடை லீவுக்குப் புதுச்சேரி போவோம். மத்தியானச் சாப்பாட்டின்போது மாமா ஒரு கண்ணாடி டம்ளரில் சிவப்பு வைன் ஊற்றிக்கொள்வார். சோறு, மீன் குழம்பு, பக்கத்தில் வைன். சில நாள் அதில் கொஞ்சம் தண்ணீரும் கலந்துகொள்வார். நாவல் பழத்தைச் சப்பிவிட்டுத் துப்பின எச்சிலின் நிறம் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாய் குழம்புச் சோறு, ஒரு மிடறு வைன், நடுவில் பேச்சு. சாப்பாடு முடியும்போது டம்ளரும் முடிந்திருக்கும்.

அப்பா அந்தச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஏற்கனவே ஒரு குவார்ட்டர் முடித்திருப்பார். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே. மாமாவின் டம்ளரைப் பார்த்து, "இன்னா மாமா, ரஸ்னா மாரி இருக்குது" என்று சிரிப்பார். கணக்குப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். வைனில் 13 சுமார்.

எங்கள் வீட்டுப் பேச்சில் இதற்குத் தனித்தனி வினைச்சொற்களே இருந்தன. மாமா வைன் 'எடுத்துப்பார்'. அப்பா 'குடிப்பார்'. ஒருவர் மரியாதையானவர், இன்னொருவர் குடிகாரர். பத்து வயதில் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

*

2003 நவம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடைகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. எனக்குப் பதினோரு வயது. எங்களுக்கு அதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கடைக்கு வேறு போர்டு, அவ்வளவுதான். எஸ்டேட்டில் லேத் ஓட்டிவிட்டு அப்பா வீட்டுக்கு வருகிற நேரம் அதே ஒன்பது மணிதான்.

கதவைத் திறப்பது எப்போதும் அம்மா. திறந்ததும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள். தலையை லேசாகச் சாய்த்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். ஒரு நொடி. அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிராந்தி என்றால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ரம் என்றால் பேசுவார், பழைய கதை, அழுகை. இரண்டும் கலந்திருந்தால் அம்மா என்னைப் பார்த்து, "பக்கத்து வீட்டு ஆயா உன்ன கூப்ட்டாங்க, போ" என்பாள். ஆயா ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

வாசனையை மறைக்க அப்பா என்னென்னவோ செய்துபார்த்தார். ஹால்ஸ், ஏலக்காய், பன்னீர்ப் பாக்கு, ஒரு காலத்தில் கொய்யா இலை. அம்மா எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிடுவாள். மேலே பாக்கு, அதற்குக் கீழே பீடி, அதற்கும் கீழே அவள் தேடுகிற அந்த வாசனை. "கொய்யா எலய மென்னுருக்காரு" என்று சமையலறையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்பா 2011-ல் இறந்தார். கல்லீரல். வயது நாற்பத்தொன்பது, எனக்குப் பத்தொன்பது. காரியம் முடிந்த மறுநாள் அம்மா வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளர்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வெளியே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது. விருந்தாளிக்கு ஜூஸ் என்றாலும் எவர்சில்வர்தான்.

*

இருபத்தேழு வயது வரை நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதில் ஒரு பெருமையும் இருந்தது. 2019-ல் எங்கள் கம்பெனிக்கு ஆடிட் செய்ய பிரான்ஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடைசி நாள் ராத்திரி ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பாடு. என் முன்னால் ஒரு கிளாஸ் சிவப்பு வைன் வந்து உட்கார்ந்தது. எதிரே இருந்தவர் கிளாஸை மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. உலகத்தில் வேறு யாரும் அப்படி மூச்சு இழுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு மிடறு குடித்தேன். அப்பாவின் வாசனை வரும், உடனே துப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வந்தது வேறு. எங்கள் ஸ்கூல் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம் இருந்தது. மண்ணோடு பொறுக்கி, சட்டையில் துடைத்து, உப்பைத் தொட்டுத் தின்போம். இனிப்பும் புளிப்பும் வந்து போன பிறகு நாக்கு முழுக்க ஒரு இழுப்பு வருமே, பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அது வந்தது.

எனக்குப் பிடித்துவிட்டது. பயம் அதுதான். பிடிக்காமல் போயிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வழியில் இரண்டு ஹால்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். தலை லேசாகச் சாய்ந்தது. ஒரு நொடி.

"ஆபீஸ்ல பார்ட்டியா?"

"ஆமாம்மா."

தோசை ஊற்றிக்கொடுத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஒரு வருடம் நான் எதையும் தொடவில்லை.

தொடவில்லையே தவிர படித்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதை பாஸ் பண்ண மாட்டோம். நாக்கை இழுக்கிற அந்தச் சமாச்சாரத்துக்குப் பெயர் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பு இவற்றிலிருந்து வருகிறது. வைனை வைக்கிற ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. அது எச்சிலில் இருக்கிற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் வறண்ட மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஒரு சுவை என்றே கணக்கில் வைப்பதில்லை, உணர்வு என்கிறார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. அறுசுவையில் ஒன்றாக, துவர்ப்பு என்று பெயர் வைத்து, பாக்கிலும் வாழைப்பூவிலும் கடுக்காயிலும் நெல்லிக்காயிலும் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாழைப்பூவை மோரில் போட்டுத் துவர்ப்பு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு டானினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வைன் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற பழம் பிளாக் கரன்ட். எனக்கு அது ஐஸ்கிரீம் ஃப்ளேவராக மட்டும்தான் பழக்கம். செடார் மரம், பென்சில் சீவல், புகையிலை, குடமிளகாய் என்று எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் இதெல்லாம் பணக்காரர்களின் கதை என்று நினைத்தேன். குடமிளகாய் விஷயத்தில் கதை எதுவும் இல்லை. பச்சைக் குடமிளகாயில் இருக்கிற பைரசின் என்ற அதே வகைப் பொருள்தான் கபெர்னே திராட்சையிலும் இருக்கிறது. ஆனால் சந்தேகப்பட்டதும் முழுத் தப்பில்லை. போர்தோவிலேயே, வைன் தயாரிப்பு படிக்கிற 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் வாசனை இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்துப்பார்த்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. சிவப்பு வைனுக்குச் சொல்கிற வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

அம்மா அந்த வகுப்பில் இருந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை நம்புகிறவள் இல்லை.

*

மச்சான் கொண்டுவந்தது போர்தோ சிவப்பு, 2017. பெரிய பெயர் எதுவும் இல்லை. பிரெஞ்சு பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயரைப் பெரிதாகப் போட மாட்டார்கள், ஊர்ப் பெயர்தான் முன்னால் இருக்கும். இதில் பின்பக்கத்து லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது: மெர்லோ 55, கபெர்னே சோவிஞ்ஞோன் 40, கபெர்னே ஃப்ரான் 5.

போர்தோ சிவப்பு என்பது பெரும்பாலும் கலவைதான். இந்த மூன்றோடு பெத்தி வெர்தோ, மல்பெக் போன்றவையும் சேரலாம். கபெர்னே சோவிஞ்ஞோன் தோல் தடித்த, துவர்ப்பு கூடிய, எலும்பு மாதிரி நிற்கிற திராட்சை. மெர்லோ சதை, வழவழப்பும் பழத்தன்மையும் அதனுடையது. கபெர்னே ஃப்ரான் வாசனைக்கு. ஒவ்வொன்றையும் அது பழுக்கிற நேரத்தில் தனித்தனியாகப் பறித்து, தனித்தனித் தொட்டிகளில் நொதிக்கவைப்பார்கள். குளிர்காலத்தில் தொட்டி தொட்டியாகச் சுவைத்துப்பார்த்து எதில் எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். அதற்கு அசாம்பிளாஜ் என்று பெயர்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தது எங்கள் மொட்டை மாடி. மார்ச் மாதம் அம்மா அங்கே மூன்று தார்ப்பாயில் மூன்று மிளகாய் காயப்போடுவாள். காரத்துக்கு குண்டூர். நிறத்துக்கு பியாடகி. வாசனைக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய். தனித்தனியாகக் காயணும், தனித்தனியாக வறுபடணும், மெஷினுக்குப் போகும்போதுதான் ஒன்றாகச் சேரணும். "சேத்து வறுத்தா ஒண்ணு கருகும், ஒண்ணு பச்சையா நிக்கும்" என்பாள். அளவைக் கேட்டால் சொல்ல மாட்டாள். ஒளிக்கிறாள் என்று இல்லை. வருடத்துக்கு வருடம் அது மாறும். ஒரு வருடம் குண்டூரில் காரம் தூக்கலாக இருக்கும், ஒரு வருடம் மழையில் நனைந்த குண்டு மிளகாய் வந்து சேரும். மூன்றையும் உடைத்து, முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துவிட்டுத்தான் கை போகும். வாங்குகிறவர்களுக்கு வருடா வருடம் ஒரே ருசி. அந்த ஒரே ருசியை உண்டாக்குவதற்காக உள்ளே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

போர்தோவில் கலப்பதற்கும் முதல் காரணம் பிழைப்புதான். அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்து ஊர், வானிலையை நம்ப முடியாது. மெர்லோ சீக்கிரம் துளிர்த்து சீக்கிரம் பழுக்கும். கபெர்னே சோவிஞ்ஞோன் தாமதம். வசந்தத்தில் பனி விழுந்தால் முதலில் துளிர்த்தது கருகும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கடைசியில் பழுப்பது கெடும். எல்லாவற்றையும் ஒரே திராட்சையில் போட்டவன் ஒரே ராத்திரியில் முடிந்துபோவான். 2017 ஏப்ரல் கடைசி வாரத்தில் அங்கே அப்படி ஒரு உறைபனி விழுந்தது. பல தோட்டங்களில் துளிர்கள் கருகிப்போயின. எங்கள் வீட்டுப் பீரோவில் படுத்திருந்த பாட்டில் அந்த வருடத்துத் தப்பிப்பிழைப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கபெர்னே சோவிஞ்ஞோனின் பெற்றோர் யார் என்று 1997 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள்: கபெர்னே ஃப்ரானும் சோவிஞ்ஞோன் ப்ளாங்கும். பின்னால் பார்த்தால் மெர்லோவும் கபெர்னே ஃப்ரானின் பிள்ளைதான். அப்படியென்றால் அந்த பாட்டிலுக்குள் இருந்தது ஒரு குடும்பம். பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து 95. பெற்றது 5. லேபிளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்து சதவீதம் என் கண்ணில் படும்.

*

மச்சான் திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். டிசம்பர், சாயங்காலம். பாட்டிலை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருந்தேன். சிவப்பு வைனை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்பது குளிர்ந்த கல் வீடுகள் இருக்கிற ஊரின் பேச்சு. அது 16, 18 டிகிரி. வானகரத்து ரூம் டெம்பரேச்சரில் வைத்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

மாடிக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேய், கிளாஸ் இல்லியா? கலரே தெரியாதேடா."

"எங்க வீட்ல கண்ணாடி இல்ல மச்சான்."

அவருக்குப் புரிந்துவிட்டது. மேலே கேட்கவில்லை.

தொட்டுக்கொள்ள அம்மா வஞ்சிரம் வறுத்திருந்தாள். காலையில் மார்க்கெட்டில் வாங்கினது. ஒரு துண்டு மீனும் ஒரு மிடறு வைனுமாகச் சேர்ந்தபோது வாய்க்குள் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஆகிவிட்டது. வைனில் இருக்கிற இரும்புச்சத்து மீனோடு சேரும்போது அப்படி ஆகும் என்று ஜப்பானில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மாமா எப்படி வருடக்கணக்கில் மீன் குழம்போடு குடித்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. "அப்பா ருசிக்காவா குடிச்சாரு" என்றார் மச்சான். மீனைத் தள்ளிவைத்துவிட்டு மத்தியானத்து மட்டன் சுக்காவைச் சூடு பண்ணி எடுத்துவந்தேன். கொழுப்பும் மிளகுமாக அது போய்ச் சேர்ந்ததும் வைனின் துவர்ப்பு தணிந்து, பழம் முன்னால் வந்தது.

மெதுவாகக் குடித்தோம். முதலில் நாவல். பிறகு, மூக்கை டம்ளருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தால், அப்ஸரா பென்சிலைச் சீவும்போது வருமே அந்த வாசனை. அடியில் ஈரமான செம்மண். விழுங்கின பிறகு நாக்கின் ஓரங்களில் பாக்கு. ஏழு வருடம் ஆனதில் அந்தத் துவர்ப்பு முரடு போய், பழைய வேட்டி மாதிரி ஆகியிருந்தது. கொஞ்சம் நீர்த்த வைன்தான், நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. பனி விழுந்த வருடம் என்று தெரிந்ததால் எனக்கு அப்படிப் பட்டதோ என்னவோ. மூக்கைக் கண் ஏமாற்றும் என்றால் படிப்பும் ஏமாற்றும்.

மச்சான் போன புதிதில் அறுவடைக்குக் கூலிக்குப் போன கதையைச் சொன்னார். செடி இடுப்புயரம்தான், குனிந்தே நிற்க வேண்டும், மூன்றாம் நாள் முதுகு தனியாகக் கழன்றுவிடும். கீழே மண்ணே தெரியாது, முழுக்கக் கூழாங்கல். கத்தரி வெட்டின விரல், திராட்சைச் சாற்றின் பிசுபிசுப்பு, குளவி. "நான் பறிச்ச திராட்சைல செஞ்ச வைன நான் இதுவர குடிச்சதில்ல. அது நமக்கு வாங்குற வெலயில்ல."

பேச்சுவாக்கில் நான் மாமாவின் ஒரு டம்ளரைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டோடு ஆரம்பித்து சாப்பாட்டோடு முடிகிற அந்த ஒழுங்கைப் பற்றி. மச்சான் என்னைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ பாத்தது மத்தியானம். ராத்திரி எத்தன டம்ளர்னு யாரு எண்ணுனா? அம்மா எண்ணியிருக்கும். கத்த மாட்டாரு, அடிக்க மாட்டாரு. ஒம்பது மணிக்கு மேல ஆளே இருக்க மாட்டாரு. அவ்ளோதான்."

என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக நான் மனதில் வைத்திருந்த ஒரு தராசு, ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அப்பா. அது அந்த நிமிடம் என்னவோ ஆனது.

வைனைக் குடிக்கத் தெரிந்த நாடு என்று பிரான்ஸைச் சொல்கிறோம். அங்கே 1956 வரை பள்ளிக்கூட கேன்டீனில் சின்னப் பிள்ளைகளுக்கே வைன் ஊற்றியிருக்கிறார்கள். அந்த வருடம்தான் பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தடை வந்தது. மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1991-ல் அவர்களே சட்டம் போட வேண்டியிருந்தது. நம் பக்கமும் ஒரே பேச்சு இல்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பொற்கலத்தில் ஏந்திக்கொடுக்க, மன்னன் மகிழ்ந்திருக்கட்டும் என்று வாழ்த்துகிறது புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. அத்தை வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற அரிக்கமேட்டில், 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மது வந்த கூர்ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதே மொழியில்தான் கள்ளுண்ணாமை என்று குறளில் ஒரு முழு அதிகாரம். பாட்டில் மன்னனுக்கு ஊற்றிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்துவிடுகிறவள் அந்தப் பாட்டில் இல்லை. குறள் அவளை அறிந்தது. பெற்ற தாயின் முன்னாலேயே குடித்துக் களிப்பது துன்பம் என்றால், சான்றோர் முன்னால் அது எப்படி இருக்கும் என்று கேட்கிறது.

*

அம்மா மாடிக்கு வந்தாள். தட்டு எடுக்க வந்ததாகச் சொன்னாள்.

மச்சான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார். "அத்த, தப்பா எடுத்துக்காதீங்க…"

"உக்காரு மாப்ள."

அவள் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்தாள். அப்பா நின்று குடித்தது புதுச்சேரித் தொட்டிக்குப் பக்கத்தில். இது எங்கள் தொட்டி. பாதி பாட்டில் மீதி இருந்தது. என் டம்ளரில் ஒரு மிடறு. பேசிக்கொண்டிருந்ததில் சூடேறியிருந்தது.

"இங்க குடு" என்றாள்.

குடிக்கப் போகிறாளோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்குக்கு ஒரு சாண் தள்ளியே வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு மூச்சு.

"நாவப்பழம்" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார்.

இன்னொரு மூச்சு. "மேல பழம். அப்பறம் ஏதோ மரத்தூள் மாரி… தச்சங்கட வாசன. நல்லாத்தான் இருக்குது." டம்ளரை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்குப் போகும் முன் மிளகாயை உடைத்து முகர்கிறபோது வருகிற முகம்தான் முதலில் இருந்தது. பிறகு அது மாறியது. ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கிற முகம்.

"அடியில அதேதான்" என்றாள்.

டம்ளரை என் கையில் கொடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிற குரல். நான் வாங்கி முகர்ந்துபார்த்தேன். சூடேறின வைனில் பழமும் மரமும் மேலே போய்விட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, மெல்லிசாக, மூக்கின் உள்சுவரில் உறைக்கிற அந்த வாசனை இருந்தது. எங்கள் வீட்டுக் கதவின் வாசனை. ஐந்து வருடமாக எத்தனையோ குறிப்புகள் எழுதியிருக்கிறேன்: நாவல், பென்சில், செம்மண், பாக்கு. ஒரு குறிப்பில்கூட இதை எழுதியதில்லை. எல்லா வைனிலும் இருப்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை. நானும் சொல்லாமல் பழகிவிட்டேன்.

"குடிக்காதன்னு நான் சொல்லல" என்றாள் அம்மா. "உனக்கு முப்பத்திரெண்டு வயசாவுது. பழம் வாசன வரைக்கும் நீ பாத்துக்குவ. அதுக்குக் கீழ இருக்குது பாரு, அத நீ பாக்கல. அது ஒன்ன பாக்கும்."

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இதை எழுதுகிற நான் வைனை விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யாராவது கூட இருந்தால், ஒரு டம்ளர். எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது எனக்குத் தெரியும். அப்பாவின் ரத்தத்தில் இருந்தது என் ரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எந்த லேபிளிலும் எழுதியில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த நாவல் மரத்தை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். கடைசி மிடறை வேண்டுமென்றே சூடேற விடுகிறேன். அதைக் குடிப்பதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டிவிடுகிறேன். குறிப்பில் கடைசி வரியாக அதையும் எழுதுகிறேன்.

மீதி வைன் அன்றைக்கு மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் புளித்துப்போனது. சிங்க்கில் ஊற்றிவிட்டு, பாட்டிலைப் பழைய பேப்பர்காரருக்குப் போட வாசலில் வைத்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது அது அங்கே இல்லை. அம்மா எடுத்து, சாம்பலும் புளியும் போட்டுக் கழுவி, லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"எதுக்கும்மா?"

"நல்லெண்ண ஊத்தி வெக்கலாம். பிளாஸ்டிக்ல காறிப்போவுது."

பதிமூன்று வருடம் கழித்து வீட்டுக்குள் ஒரு கண்ணாடி. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பாட்டிலை நிமிர்த்தி, வாய்ப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்தாள்.

"இன்னும் போவல" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்துத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.